ஒன்பதாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

உங்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி இது: “இந்தக் காட்டிலிருந்து உங்கள் வீட்டுத் தேவைக்கு எதையேனும் பெறுகிறீர்களா?” பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெட்டிகள். அதைக் கேட்டு, அடையாளம் போட்டு, பத்தாவது கேள்விக்குப் போக அரை நிமிடம்கூட ஆகாது. நான் பதினான்கு வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பதினான்கு தடவையும் ‘இல்லை’ பெட்டியில் அடையாளம் போட்டேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்காக நாலைந்து பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போவது நம் அலுவலகத்தில் வழக்கம். பழையவை எல்லாம் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. எடுத்துப் படித்துப் பாருங்கள். மலையில் தீப்பிடித்தபோது முப்பது பேரைப் பத்திரமாகக் கீழே இறக்கிய ஒருவர் எழுதியிருக்கிறார். காட்டு விளிம்பில் கட்டடம் எழுப்ப வந்தவரிடம் பேசிப் பேசியே திருப்பி அனுப்பிய இன்னொருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் எல்லோரும் தலை நரைத்து ஓய்வு பெற்றுப் போனவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று மாதமாகிறது. இரண்டு பிள்ளைகளையும் மாமியிடம் விட்டுவிட்டு மலை ஏற முடியாது என்பதால் போகிறேன். நான் எதையும் காப்பாற்றியவள் இல்லை. இதை எழுதத்தான் வேண்டுமா என்று இரண்டு கிழமையாக யோசித்தேன். எழுதாமல் போனால், அதுவும் ஒரு ‘இல்லை’யாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

நமது பூங்காவை இப்போது பார்க்கிறவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று தெரியாது. கண்டியிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கம் போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய் இறங்கி, தேயிலைக்குள்ளாக முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் மலை அது. ஒரு காலத்தில் உச்சி வரைக்கும் தேயிலை இருந்திருக்கிறது. தோட்டம் மேல் மலையைக் கைவிட்ட பிறகு தேயிலை மரமாகிப் போய், அதற்குள்ளிருந்து பழைய காடு எழுந்து வந்துவிட்டது. மிஞ்சியதைப் பாதுகாப்பது, கண்டியிலிருந்து வருகிற சனங்கள் மரங்களுக்குக் கீழே நடக்க ஒரு பாதை போடுவது, இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம் என்பதுதான் திட்டம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இருந்தது. நான் கண்டி நகரத்து மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். ரோட்டைத் தவிர எங்களுக்கு விளையாட இடம் இருந்ததில்லை. ஒரு நகரசபை லொறி வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்போம். என் மகள் அப்படி நிற்கக்கூடாது என்று நினைத்துத்தான் அந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்.

கள உத்தியோகத்தர்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் தோட்டப் பக்கத்துப் படிவங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

படிவம் நிரப்பப் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மாமிக்குக் காய்ச்சல். என் கணவருக்குக் கட்டுகஸ்தோட்டைக் கடையில் சாமான் கணக்கெடுக்கும் நாள். லீவு கேட்கப் பயந்து, பத்து மாத மகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வளைவுகளில் மகள் என் மேலேயும் தன் மேலேயும் வாந்தி எடுத்தாள். காட்டு விளிம்பில் வரிசை வீடுகளாக இருந்த கடைசி லயத்தை அடைந்தபோது நான் உத்தியோகத்தர் மாதிரி இல்லை.

மூன்றாவது வீட்டு வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த பெண் எழுந்து ஓடி வந்தாள். செல்வமணி. என் வயதுதான் இருக்கும். கொழுந்து எடுக்கிறவள்.

“ஐயோ, பாப்பா வாந்தி எடுத்திருச்சா? உள்ள வாங்க மிஸ். கூச்சப்படாதீங்க, நமக்கும் மூணு இருக்கு.”

நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் மகள் அவள் இடுப்பில் இருந்தாள். அடுப்பில் வெந்நீர் இருந்தது. பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, வெளியே போய்ப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து கலந்தாள். நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பிள்ளை. கொதிக்காத தண்ணீர் அவள் உதட்டில் பட்டாலே எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வராது.

“இந்தத் தண்ணி எங்கேருந்து வருது? சுத்தமானதுதானே?” என்று கேட்டேன். கேட்ட விதம் நல்லதாக இருந்திருக்காது.

அவள் கோபப்படவில்லை. பெருமையாகச் சொன்னாள்: “மேல காட்டு ஊத்துத் தண்ணி மிஸ். ஓஸ்ல நேரா வருது. கீழ ஓடுதே அந்த ஆத்துல தேயிலைக்கு அடிக்கிற மருந்தெல்லாம் கலந்திரும். இது தேயிலைக்கு மேல இருந்து வர்றது, ஒரு மருந்தும் சேராது. எம் புள்ளைங்க மூணும் இதுலதான் வளந்திச்சுங்க. பயப்படாம குளிப்பாட்டுங்க.”

அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பீலி என்று அவர்கள் சொல்லும் அந்தத் தண்ணீர் விழும் இடத்தில் கல்லை அழகாகப் பதித்திருந்தார்கள். அவள் ஓஸ் என்று சொன்ன விரல் தடிமன் கறுப்புக் குழாய் மரங்களுக்குள்ளிருந்து இறங்கி வந்தது. இணைப்புகளில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீரைக் கையில் பிடித்து மணந்து பார்த்தேன். குடித்தும் பார்த்தேன். அதன் பிறகுதான் மகளைக் குளிப்பாட்டச் சம்மதித்தேன்.

இருபது நிமிடம் கழித்துப் படிவத்தை எடுத்தேன். அதற்குள் தோட்டத் தலைவரும் வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கத்தின் சார்பில் லயத்து விஷயங்களைப் பார்க்கிறவர், வாய் நிறைய வெற்றிலை. எட்டுக் கேள்விகள் சிரிப்பும் பேச்சுமாகப் போயின. ஒன்பதாவது கேள்வியைப் படித்தேன். புரியாமல் போய்விடுமோ என்று, “விறகு, தண்ணி, கீரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க” என்றேன்.

செல்வமணி தலைவரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள்.

“இல்லீங்க மிஸ்.”

“ஒன்னுமே எடுக்கிறதில்லையா?”

“அந்தப் பக்கமே போறதில்லீங்க.”

அந்தத் தண்ணீரில் குளித்த ஈரத் தலையோடு என் மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மற்றப் பதின்மூன்று வீடுகளிலும் அதே பதில்தான். உங்களில் சிலர் இதை விளங்கிக்கொள்ளாமல் இருக்கலாம். நான் விளங்கிக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. மஹய்யாவையில் எங்கள் அப்பாவுக்கு நகரசபை கொடுத்த வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோப்போடு ஒருவர் வாசலில் நின்றால் அம்மா எங்கள் சித்தி பிள்ளைகளைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, “நாலே பேருதாங்க ஐயா” என்பார். ஒருமுறை கதவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி தும்மிவிட்டாள். அம்மா முகம் மாறாமல், “பூனைங்க ஐயா” என்றார். அந்த ஐயா சிரித்துக்கொண்டே நாலு என்று எழுதிக்கொண்டு போனார். வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கோப்புக்கு முன்னால் ‘இல்லை’ என்று சொல்வது பொய் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி அது.

ஆகவே எனக்குத் தெரியும். நான் ஒரு தாயாகக் கேட்டபோது ஒரு பதில் கிடைத்தது. உத்தியோகத்தராகக் கேட்டபோது வேறு பதில் கிடைத்தது. எது உண்மை என்று என் நாக்குக்கே தெரியும், குடித்துப் பார்த்திருந்தேன். ஆனால் ‘ஆம்’ என்று எழுதினால் காட்டிலிருந்து தண்ணீர் எடுத்த குற்றத்துக்கு அவர்கள் மேல் வழக்கு வருமோ என்று பயந்தேன். ‘ஆம்’ என்று எழுதினால் இன்னும் மூன்று பக்கத்து இணைப்புப் படிவம் நிரப்ப வேண்டும், நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க முடியாது, பிள்ளையோடு இருட்டில் நிற்க வேண்டும் என்றும் பயந்தேன். இந்த இரண்டில் எது என் கையை ‘இல்லை’ பெட்டிக்கு நகர்த்தியது என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவர்களைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. நாலு மணி பஸ்ஸை நான் பிடித்துவிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் பொறுப்பதிகாரி யாழ்ப்பாணத்து அம்மா. வேலையில் கறாரானவர். படிவங்களைப் புரட்டிவிட்டு, “பதினாலு வீட்டிலையும் ஒரு காட்டுப் பாவனையும் இல்லையோ, ஒண்டும் எடுக்கிறேல்லையோ? அப்ப பூங்காவுக்கு எல்லை போடுறது சுகம்” என்றார். பிறகு, “வடிவா நிரப்பியிருக்கிறீர்” என்றும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதைச் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாதை வெட்டும் வேலை தொடங்குவதற்கு முன் ஒரு சிரமதானம். கண்டியிலிருந்து முப்பது தொண்டர்கள் வந்தார்கள். காட்டுக்குள் கிடக்கும் பொலித்தீன், போத்தல், கம்பித் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். என்னவெல்லாம் எடுத்தோம் என்று எழுதிக்கொள்வது என் பொறுப்பு. பொறுப்பதிகாரி அம்மாவும் வந்திருந்தார். படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். நானும்தான்.

பத்து மணி இருக்கும். மேலேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்: “மிஸ், இங்க பாருங்க, எவ்வளவு நீளப் பைப்! காடு முழுக்க ஓடுது. இதையும் எடுக்கவா?”

ஏறிப் போய்ப் பார்த்தேன். கறுப்புக் குழாய். இலைச் சருகால் மூடியிருந்தது. அது தானாக விழுந்த சருகு இல்லை, யாரோ பக்குவமாக மறைத்து வைத்தது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. சைக்கிள் டியூப் சுற்றிய ஓர் இணைப்பும் தெரிந்தது.

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். பொறுப்பதிகாரி அம்மா பக்கத்தில் நின்றார். அவர் கையிலிருந்த கோப்பில் பதினான்கு ‘இல்லை’ இருந்தது. “இது லயத்துக் குழாய், தொடாதீர்கள்” என்று சொல்ல வேண்டும். சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். தெரிந்திருந்தால் ஏன் எழுதவில்லை என்று கேட்பார். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நெருக்கடி என்றால் யோசிக்க நேரம் இருக்காது என்பார்கள். எனக்கு நேரம் இருந்தது. இவ்வளவையும் யோசிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது.

“எடுங்க” என்றேன்.

கத்தியால் வெட்டினார்கள். வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வெட்டியவரின் சட்டை நனைந்தது, எல்லோரும் சிரித்தார்கள். “இன்னும் தண்ணி இருக்கே!” என்றாள் அந்தப் பெண்.

“மழைத் தண்ணியா இருக்கும்” என்றேன் நான்.

மழை பெய்து மூன்று கிழமை ஆகியிருந்தது. பொறுப்பதிகாரி அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குழாயை இழுத்துச் சுற்றிப் பெரிய வளையமாக்கி, அதைச் சுற்றி எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் நின்றேன். பட்டியலில் ‘கறுப்பு பிளாஸ்டிக் குழாய், ஒரு சுருள்’ என்று எழுதினேன். அந்தப் படம் நம் வரவேற்பறைச் சுவரில் நெடுநாள் தொங்கியது. நான் கடைசி வரிசையில், சிரித்துக்கொண்டு.

அதன் பிறகு பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பதினோராவது நாள், துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஆற்றுப் பக்கத்திலிருந்து பெண்கள் கேன்களில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். படிகூட இல்லாத சரிவு. காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் முன் மூன்று நடை, பின்னேரம் வந்து மூன்று நடை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

“தண்ணிக்குக் கஷ்டமா?” என்று கேட்டேன். கையில் கோப்பு இருந்தது. அதை ஏன் கொண்டு போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

“இல்லீங்க மிஸ், இருக்கு” என்றாள் செல்வமணி. தலையில் கேன்.

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “ஓஸ்ஸ எவனோ தூக்கிக்கிட்டுப் போயிட்டான் மிஸ். இந்தக் காலத்துக் கள்ளன் நல்லாத்தான் இருக்கான், முப்பது பேரா வந்து, போட்டோவும் புடிச்சிக்கிட்டுப் போறான்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அவரை “சும்மா இருங்க தலைவரே” என்று அதட்டினாள். செல்வமணி கேனை இறக்கி வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி போட்டாள். அவள் சுமந்து வந்த தண்ணீரில் போட்டது. நான் குடித்தேன். கிளாஸைக் கீழே வைக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். “பாப்பா நல்லா இருக்காளா மிஸ்?” என்று அவள் கேட்டாள். “நல்லா இருக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாளைக்குப் பொறுப்பதிகாரியிடம் சொல்லலாம் என்று இருபது நாள் நினைத்தேன். சொன்னால் அவர்கள் மேல் வழக்கு வரும் என்று ஒரு நாள் தோன்றும். சொல்லாவிட்டால் எல்லை வரைபடம் கையெழுத்தாகிவிடும், பிறகு ஊற்றுப் பக்கமே யாரும் போக முடியாது என்று மறுநாள் தோன்றும். இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுக்கொண்டே இருந்தேன். நான் பொறுப்போடு யோசிப்பதாக எனக்கு ஓர் எண்ணம். நான் யோசித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் செல்வமணி ஆறு நடை ஏறிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் தலைவர் போனில் கூப்பிட்டார். “மிஸ், கண்டி ஆஸ்பத்திரியில நமக்குத் தெரிஞ்சவங்கன்னு யாரும் இல்ல. ஒங்க நம்பர்தான் இருந்திச்சு. செல்வமணி வழுக்கி விழுந்திருச்சு. கை ஒடஞ்சிருச்சு. கொஞ்சம் போய்ப் பாக்க முடியுமா?”

போனேன். வலது மணிக்கட்டு. கொழுந்து எடுக்கிறவளுக்கு அது எப்படிப்பட்ட கை என்று நான் சொல்லத் தேவையில்லை. மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“என்னோட தப்புதான் மிஸ். பாக்காம கால வச்சிட்டேன். நேத்து மழையில ஒரே சேறு.”

அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. “அந்த ஓஸ்ஸ எடுக்கச் சொன்னது நான்தான்” என்றேன்.

“தெரியும் மிஸ்.”

“தெரியுமா?”

“தேயிலைக்குள்ள நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம். நீங்க கையக் காட்டினீங்க, வெட்டினாங்க.”

“அப்போ ஏன் வந்து சொல்லல? அது நம்ம ஓஸ்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே?”

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். “என்னன்னு கத்துறது? இல்லன்னு சொன்னது நாங்கதானே மிஸ். எழுதினது நீங்க. அதுக்கப்புறம் இருக்குன்னு எப்படிச் சொல்றது?” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அன்னைக்கு அந்தத் தண்ணியில குளிப்பாட்டினதுக்குப் பாப்பாவுக்கு ஒன்னும் பண்ணலியே? நீங்க எடுக்கச் சொன்னதும், ஒருவேளை ஒத்துக்காம ஏதும் வந்திருச்சோ, அதான் கோவமோன்னு நெனச்சேன்.”

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வாங்கில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நேராக அலுவலகத்துக்குப் போய்ப் பொறுப்பதிகாரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது, குளிப்பாட்டியது, குடித்துப் பார்த்தது, இருபது நிமிடம் கழித்து எழுதியது, மழைத் தண்ணீர் என்றது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதை ஏன் எனக்கு அண்டைக்கே சொல்லேல்லை?”

“வேலை போயிரும்னு பயந்தேன் மேடம்.”

“ஓம். அது விளங்குது.” கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நீர் மழைத்தண்ணி எண்டு சொன்னீர். எனக்கு அப்பவே ஐமிச்சம்தான். சும்மா கிடந்த பைப்புக்குள்ள இருந்து அப்பிடி அடிக்குமோ? முப்பது பேருக்கு முன்னால என்ரை ஃபைல் பிழையெண்டு வரக்கூடாதெண்டு நானும் பேசாமல் நிண்டன். உம்மை மட்டும் ஏசி என்ன பிரயோசனம்?” பிறகு எழுந்தார். “வரைபடம் இன்னும் கையெழுத்தாகேல்லை. நாளைக்கே போவம். நீர் எழுதினதை நீர்தான் மாத்தவேணும்.”

மாற்றுவது நான் நினைத்ததுபோல் இல்லை. லயத்து வாசலில் பதினான்கு வீட்டாரும் வந்து நின்றார்கள். புதிய படிவத்தை விரித்து வைத்தோம். உண்மையைச் சொன்னால் தண்ணீர் உரிமையை வரைபடத்திலேயே போட வைக்கலாம் என்று பொறுப்பதிகாரி அம்மா பொறுமையாக விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் முன்னால் வரவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். “மேடம், கோவிச்சுக்காதீங்க. ‘இல்ல’ன்னு சொல்லி இதுவரைக்கும் யாரும் கோட்டு, கேசுன்னு போனதில்ல.”

எந்த உத்தரவாதமும் அவர்களிடம் எடுபடவில்லை. எப்படி எடுபடும்? கடைசியில் நான் ஒரு வெற்றுத் தாளை எடுத்தேன். திட்டமிட்டுச் செய்தேன் என்று நினைக்காதீர்கள், வேறு வழி தெரியவில்லை. இந்த லயத்துக்குக் காட்டு ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்ததை நான் கண்ணால் கண்டேன், அதைக் குடித்தேன், என் மகளை அதில் குளிப்பாட்டினேன், அது தெரிந்தே ‘இல்லை’ என்று எழுதினேன், தெரிந்தே குழாயை வெட்டச் சொன்னேன் என்று எழுதி, அவர்கள் முன்னால் சத்தமாக வாசித்தேன். காட்டுத் தண்ணீரைப் பயன்படுத்தியவர் என்ற இடத்தில் முதல் பெயராக என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு குழந்தை அழுதது. பிறகு மாவுக்கட்டோடு செல்வமணி முன்னால் வந்தாள். பேனாவைப் பார்த்தாள், தன் வலது கையைப் பார்த்தாள், இடது பெருவிரலை நீட்டினாள். மை தடவினேன். என் கையெழுத்துக்குக் கீழே ரேகையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் எட்டு வரைக்கும் படிச்சவ மிஸ். என்னையப் போயி ரேகை வைக்க வச்சிட்டீங்களே.”

அதற்குத்தான் அன்று முதல்முறையாக எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. மற்றப் பதின்மூன்று பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

வழக்கு எதுவும் வரவில்லை. நான் அத்தனை நாள் பயந்தது நடக்கவே இல்லை. இதையும் நினைத்து வெட்கப்படுகிறேன். நல்ல குழாய் போட்டு, வரைபடத்தில் நீலக் கோடாக அதைக் குறித்து முடிக்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் ஆற்றுத் தண்ணீர்தான். பொறுப்பதிகாரி அம்மா எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். தனக்கும் ஒன்று கொடுக்கும்படி மேலிடத்துக்கு எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேலை நிரந்தரமாக ஒரு வருடம் தள்ளிப் போனது. அது சரி. சுவரிலிருந்த படத்தை நான்தான் கழற்றினேன்.

பூங்கா திறந்தது. இப்போது விடுமுறை நாட்களில் பாதை முழுக்கச் சனம். என் மகள் அங்கே ஓடியிருக்கிறாள், எந்த லொறிக்காகவும் நின்று வழிவிடாமல். அதற்காக நான் சந்தோஷப்படலாமா என்று சில வேளை யோசிப்பேன். பாதை இரண்டாவது வளைவில் நீலக் கோட்டைக் கடக்கிறது. நடப்பவர்களுக்கு அது தெரியாது, குழாய் மண்ணுக்குக் கீழே போகிறது. ஆனால் நான் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கால் தூக்கித்தான் வைக்கிறேன்.

இதை இங்கேயே முடித்திருப்பேன். நேற்று மேசையை ஒழிக்கும்போது இந்த வருடத்துக் கோப்பைக் கண்டேன். பூங்காவைச் சுற்றியிருப்பவர்களிடம் எடுத்த புதிய படிவங்கள். உங்களில் ஒருவர் நிரப்பியவை. யார் என்று நான் தேடவில்லை. நாலாவது கேள்வி: “பூங்கா திறந்த பிறகு உங்களுக்கு ஏதேனும் சிரமம் உண்டா?” அந்த லயத்தின் பதினான்கு வீடுகளுக்கும் ‘இல்லை’. எழுத்து மிக அழகாக இருந்தது. என்னுடையதும் அழகாகத்தான் இருந்தது.

பிழை என்று சொல்லவில்லை. உண்மையிலேயே சிரமம் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். காலை பஸ்ஸில் போனால் மத்தியானத்துக்கு முன் ஏறிவிடலாம். நாலு மணி பஸ்ஸை நினைக்காதீர்கள், ஐந்தரைக்கும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை. கோப்பைக் கொண்டு போகாதீர்கள். மூன்றாவது வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். செல்வமணி செம்பில் கொண்டுவருவாள். மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை, நிறைந்த செம்பு வலது கையில் நிற்காது. அதனால் இடது கையால்தான் நீட்டுவாள். இடது கையால் கொடுக்கிறேனே, தப்பா எடுத்துக்காதீங்க என்று மன்னிப்புக் கேட்பாள். என்னிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.

தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். அந்த மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அது அவள் கேட்க வேண்டியதல்ல.